தழும்பு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இதயத்தில் தழும்பு என்று இருப்பதைப் படித்துவிட்டு நேற்று நீ போனில் அழுதாய். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. போனில் பேசினால் தடுமாறுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஹார்ட் அட்டாக் வந்த மூன்றாம் நாள் எக்கோவில், அதாவது இதயத்தை எடுக்கும் ஸ்கேனில், 32 சதவீதம் என்று வந்தது. இதயத்தின் இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் நிறைந்தால் 32 மில்லிதான் வெளியே போகிறதாம். சாதாரணமாக 55க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்து அடைப்பு எடுத்தபிறகும், அடிபட்ட தசை சில வாரம் மரத்துப்போய்க் கிடக்குமாம். செத்த தசையும் அசையாது, மரத்த தசையும் அசையாது. எக்கோவில் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதற்குத்தான் எம்ஆர்ஐ.

ஸ்டென்ட்டை எம்ஆர்ஐ மெஷினின் காந்தம் இழுக்காதா என்று நானும் கேட்டேன். இப்போது வைப்பவற்றுக்கு அந்தப் பயம் இல்லை என்றார்கள். அப்பாவின் கல்யாண மோதிரத்தை மட்டும் கழற்றச் சொன்னார்கள். 34 வருஷமாகக் கழற்றாத மோதிரம். சோப்பு போட்டு, திருகித் திருகி எடுப்பதற்குள் விரல் சிவந்துவிட்டது. முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தார். "மூச்சை இழுங்க, அடக்குங்க" என்று சொன்னபடியெல்லாம் செய்தாராம்.

கையில் மருந்து ஏற்றி எடுத்த படத்தை டாக்டர் திரையில் காட்டினார். உயிருள்ள தசை கறுப்பு, தழும்பு வெள்ளை. அப்பாவுக்கு இதயத்தின் முன்சுவரில் உள்பக்கம் ஓரமாக ஒரு வெள்ளைக் கீற்று. சுவரின் கனத்தில் பாதிகூட வரவில்லை, தம்பி! பாதியைத் தாண்டியிருந்தால் அந்த இடம் திரும்ப அசைவது கடினமாம். ரத்தக்கட்டியும் இல்லை.

நீ சொன்ன ஐசிடி, அதாவது இதயத்துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடலில் வைக்கும் கருவியைப் பற்றியும் கேட்டேன். மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டும் அந்தச் சதவீதம் 35க்கு மேல் ஏறாவிட்டால்தான் அந்தப் பேச்சு. அதற்கும் அட்டாக் வந்து 40 நாளாவது போகவேண்டும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மூன்று மாதம் பார்ப்போம் என்றார். அதுவரை ஒரு வேளை மாத்திரைகூட விடமாட்டேன். அதை என்னிடம் விட்டுவிடு.

அப்பாவிடம் பேசும்போது மட்டும் சதவீதத்தைக் கேட்காதே. அவரே அதை நினைத்து நினைத்து நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொள்கிறார். இன்று தெருமுனைப் பிள்ளையார் கோவில் வரை நடந்தார். அதைக் கேள், சந்தோஷமாகச் சொல்வார்.

அன்புடன்,
அம்மா