கொடையாளர் வரிசையில் எமி எவால்டுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளிவரும் கொடையாளர் தொடரை விடாமல் படித்து வருகிறேன். அதில் இதுவரை இடம்பெற்றவர்களில் பெரும்பாலோர் தம் சொந்தச் செல்வத்தை வாரி வழங்கியவர்கள். அப்படி வழங்கச் செல்வம் ஏதும் இல்லாத ஒருவர், எளிய பெண்கள் பலரின் சில்லறைக் காசைத் திரட்டி மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சுவர் எழுப்பினால் அதுவும் கொடைதான் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவில் குடியேறிய ஸ்வீடன் குடும்பத்தில் பிறந்து 89 வயது வரை வாழ்ந்த எமி கார்ல்சன் எவால்டை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

அவருடைய தந்தை எர்லாந்து கார்ல்சன் 1853இல் ஸ்வீடனிலிருந்து சிகாகோவுக்கு வந்த லுத்தரன் கிறித்தவப் பிரிவின் போதகர். மொழி தெரியாமல் வந்திறங்கிய தம் நாட்டவருக்குத் தங்க இடமும் வேலையும் தேடித் தந்தவர். மறு ஆண்டே காலரா பரவியபோது நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதும் இறந்தவர்களை அடக்கம் செய்வதும் அவர் பொறுப்பாயின. எமி 1857இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். அவருக்கு 14 வயதானபோது, 1871இல், சிகாகோ பெருந்தீயில் தந்தையின் தேவாலயம் சாம்பலானது. சபையார் அதை மீண்டும் கட்டினார்கள். காசு காசாகச் சேர்த்துக் கட்டடம் எழுப்புவது அந்த வீட்டுக்குப் புதிய செய்தியல்ல.

பிறகு ராக்ஃபோர்டில், பின்னாளில் புகழ்பெற்ற சமூக சேவகர் ஜேன் ஆடம்ஸ் பயின்ற அதே பெண்கள் கல்விக்கூடத்தில் எமியும் படித்தார். போதகர் ஒருவரையே மணந்தார். 1892இல் கான்சஸ் மாநிலத்தின் லிண்ட்ஸ்போர்க் ஊரில், அமெரிக்காவில் குடியேறிய ஸ்வீடன் லுத்தரன்களின் அமைப்பான அகஸ்டானா திருச்சபையின் மாநாடு நடந்த வேளையில், தம்மைப் போன்ற பெண்களைக் கூட்டிப் பெண்கள் மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். திருச்சபையின் முடிவுகளை ஆண்களே எடுத்த காலம் அது. சங்கத்துக்குக் காசு கொடுத்தவர்களும் செல்வச் சீமாட்டிகள் அல்லர். பண்ணை வீட்டுப் பெண்கள், நகரத்துப் பணக்கார வீடுகளில் சமையலும் துவைப்பும் செய்த ஸ்வீடன் இளம்பெண்கள். தங்கள் உழைப்பில் வந்த பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதில் தங்களுக்கும் ஒரு சொல் உண்டு என்று அவர்களுக்குத் தோன்றச் செய்ததே எமியின் பெரும்பணி என்று நான் கருதுகிறேன். 1902இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார் என்பதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் காசு நம் பக்கம் வரை வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கோதாவரிக் கரையிலுள்ள ராஜமுந்திரியில் அகஸ்டானா மிஷனரிகள் பணியாற்றினார்கள். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டத் தயங்கி நோயை வீட்டுக்குள்ளேயே பொறுத்துக்கொண்டிருந்த பெண்களுக்காக அங்கே பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை ஒன்று எழுந்ததில் இந்தச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சிகாகோவில் யாரோ ஒரு பணிப்பெண் தன் வாரக் கூலியிலிருந்து எடுத்து வைத்த நாணயம், தான் ஒருபோதும் காணப்போகாத ஊரில் பேறுகாலப் படுக்கையாக மாறியதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

43 ஆண்டுகள் சங்கத் தலைவராக இருந்த எமி, 1935இல் அப்பொறுப்பை விட்டபோது எழுபது வயதை நன்கு கடந்திருந்தார். 1928இல் ராக் ஐலண்டிலுள்ள அகஸ்டானா கல்லூரியில் மாணவியருக்கென எழுந்த கட்டடமும் இச்சங்கத்தின் உழைப்பே. இன்று அது தந்தை, மகள் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரும் முடிந்தபின் 1946இல் காலமானார்.

இத்தகையோரைப் பற்றிய குறிப்புகள் பல வேளைகளில் ‘இன்ன போதகரின் மகள், இன்னாரின் மனைவி’ என்ற அளவில் நின்றுவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். தங்கள் தொடரில் எமி எவால்டுக்குத் தனிக் கட்டுரை ஒன்று ஒதுக்குமாறும், அதில் ராஜமுந்திரியின் கதையையும் விரிவாகச் சேர்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்