ஸ்டட்கார்ட் போகும் மகளுக்கு

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, பட்டாலை வரைக்கும் தானே நடந்து வருகிறார்கள்.

எந்த அடாப்டர் வாங்குவது என்று போனில் கேட்டாய். கடையில் ஆள் நின்றதால் விவரமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஸ்டட்கார்ட்டில் நாலு மாதம், அப்புறம் டெட்ராய்ட், திரும்பும் வழியில் லண்டனில் அம்மான் வீடு என்கிறாய். மூன்று இடத்திலும் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் வேறு வேறு. டெட்ராய்ட்டில் கரண்டே வேறு.

அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றிக் கொடுக்கும். வோல்ட்டேஜில் கை வைக்காது. ஜெர்மனியில் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே வடிவம் சேர்ந்தால் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதனால் எடுத்துப் போகிற ஒவ்வொரு சார்ஜரையும் திருப்பிப் பார். பொடி எழுத்தில் இன்புட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் எந்த ஊரிலும் பயமில்லாமல் சொருகலாம். போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் படித்துப் பார்த்துவிட்டே பெட்டியில் வை.

230 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கிற சாமானை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோகாதே. ஆத்தா சின்ன மிக்ஸியைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். ஸ்டட்கார்ட்டில் அது ஓடும். அமெரிக்காவில் அந்த மோட்டார் திணறிச் சூடாகும். அயர்ன் பாக்ஸும் அப்படித்தான். வோல்ட்டேஜ் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றால் சூடு கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். 1000 வாட் பெட்டி அங்கே 270 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும், சேலைச் சுருக்கம் போகாது. இதற்காக டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவது தேவையில்லாத சுமை. மிளகாய்ப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் இங்கேயே திரித்துத் தரச் சொல்லிவிட்டேன், ஆத்தாவும் ஒத்துக்கொண்டாள். அதேபோல் அங்கிருந்து வீட்டுக்கு என்று எதுவும் வாங்குவதாக இருந்தால், 120 வோல்ட் மட்டும் என்று போட்டதை வாங்காதே. நம் ஊர்க் கரண்டில் போட்டதும் கருகிவிடும்.

இனி எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் வழி. இதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும்.

நம் த்ரீ பின் பிளக்கில் தடித்து நீண்டிருக்கிறதே ஒரு பின், அதுதான் எர்த். சொருகும்போது முதலில் தொடவும், உருவும்போது கடைசியில் விடவும்தான் அதை நீளமாக வைத்திருக்கிறார்கள். எல்லா நாட்டுக்கும் ஆகும் என்று விற்கிற மலிவு அடாப்டர்கள் பலவற்றில் அந்தப் பின்னுக்குத் துளை இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பித்தளை இருக்காது, வெறும் பிளாஸ்டிக். பிளக் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், எர்த் மட்டும் எங்கேயும் போய்ச் சேராது. மெட்டல் பாடி லேப்டாப்பை அப்படிச் சார்ஜில் போட்டுவிட்டு மூடியின் மேல் விரலை லேசாகத் தேய்த்தால் சுரசுரவென்று ஒரு அதிர்வு தெரியும். சார்ஜருக்குள்ளிருந்து கசிகிற கொஞ்சம் கரண்ட் இறங்க வழியில்லாமல் உன் விரலைத் தேடுகிறது. அந்த அளவு கரண்ட் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் கெட்டில், அயர்ன் பாக்ஸ் மாதிரி சாமானில் உள்ளே ஒயர் விட்டுப்போய் அதன் உலோக உடம்பைத் தொட்டால் முழு 230 வோல்ட்டும் வெளியே நிற்கும். அப்போது காப்பாற்ற எர்த் வேண்டும்.

ஜெர்மன் பாயின்ட் சுவரில் வட்டமாகக் குழிந்திருக்கும். உள்ளே இரண்டு உருண்டைத் துளை, குழியின் ஓரத்தில் எதிரெதிராக இரண்டு உலோகப் பட்டை. எர்த் அந்தப் பட்டை வழியாகத்தான் வருகிறது. ஆகவே அடாப்டரின் இரண்டு ஓரத்திலும் உலோகம் தெரிய வேண்டும். முகத்தில் ஒரு துளையும் சேர்ந்திருந்தால் பிரான்சுக்கும் ஆகும், அங்கே எர்த் பின் சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும். டெட்ராய்ட்டுக்கு இரண்டு தட்டைப் பின்னோடு மூன்றாவதாக ஒரு உருண்டைப் பின்னும் உள்ளதாக வேண்டும். உனக்கு இரண்டும் வாங்கிவிட்டேன். மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் துளையிலும் இன்னொன்றை எர்த் பட்டையிலோ பின்னிலோ வைத்துப் பார்த்தேன், பீப் வந்தது, உள்ளே எர்த் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு கம்பெனி அடாப்டர் சத்தமே போடவில்லை, அதை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்த இரண்டு ஊரிலும் சுவர்ப் பாயின்ட்டுக்குப் பெரும்பாலும் சுவிட்ச் கிடையாது. சொருகினாலே கரண்ட்தான். பிளக்கையும் அடாப்டரையும் கையிலேயே இறுக்கமாகச் சேர்த்துக்கொண்டு அப்புறம் சுவரில் போடு. எடுக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதே. அடாப்டரில் 6 ஆம்பியர் என்று போட்டிருந்தால் ஸ்டட்கார்ட்டில் 1380 வாட், டெட்ராய்ட்டில் 720 வாட், அவ்வளவுதான் தாங்கும். வெந்நீர் கெட்டிலை அந்தந்த ஊரிலேயே வாங்கிக்கொள்.

நாலு மாதம் தங்கப்போகிறவளுக்கு லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம் என்பது என் எண்ணம். சார்ஜரின் கறுப்புப் பெட்டியில் போய்ச் சேருகிற ஒயர் தனியாகக் கழன்று வந்தால், அந்த முனை பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சுவரில் போகிற முனை மட்டும்தான் மாறும். போனதும் ஜெர்மன் பிளக் வைத்த ஒயர் ஒன்று வாங்கி மாட்டிவிடு. எர்த்தும் நேராகச் சேர்ந்துவிடும், ஆட்டமும் இருக்காது. லீவில் சுவிட்சர்லாந்து போனால் மட்டும் எச்சரிக்கை. ஜெர்மன் வட்டப் பிளக் அந்த ஊர்க் குழியில் நுழையாது. போன் சார்ஜரின் மெல்லிய டூ பின் பிளக் என்றால் போகும்.

லண்டனுக்குத் தேவையானது அம்மான் வீட்டிலேயே இருக்கும். நம் வீட்டு உருண்டைப் பின் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழைய வழிதான். 1947-ல் அவர்கள் பட்டைப் பின்னுக்கு மாறினார்கள், சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னால் அதற்கே போயின, நாம் உருண்டையோடு நின்றுகொண்டோம். லண்டனில் எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளையின் மூடி திறக்கும். மேல் துளையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து டூ பின் பிளக்கைச் செருகுகிற பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. நீ அதைச் செய்யவே கூடாது. அந்த ஊர் பிளக்கின் உள்ளே ஃபியூஸ் உண்டு, பேனா வைத்துச் செருகினால் அந்தக் காவலும் இல்லை, எர்த்தும் இல்லை.

அடாப்டர் இரண்டையும் பொடி டப்பாக்களோடு சேர்த்து வெள்ளிக்கிழமை பார்சலில் போடுகிறேன். ஜெர்மனிக்கு உள்ளதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். ரூமுக்குப் போனதும் சுவர்ப் பாயின்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு சொருகு.

அன்புடன்,
அப்பச்சி