ஸ்கேன் ரிப்போர்ட்டில் கதிர்வீச்சு அளவையும் அச்சிட வேண்டும்

ஆசிரியருக்கு,

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றார் அப்போதைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா. உடனே கதிரியக்க மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் அதை மறுத்து, நவீன கருவிகளில் ஐந்து முதல் பத்து எக்ஸ்ரே அளவுதான் என்றது. எங்கள் சென்டருக்கு வந்தவர்கள் 'எது சார் உண்மை?' என்று துளைத்துவிட்டார்கள். சி.டி. டெக்னீஷியனாகச் சொல்கிறேன், இரண்டுமே நடக்கக்கூடியதுதான். எந்தக் கருவி, அதில் என்ன செட்டிங் என்பதைப் பொறுத்தது.

ஸ்கேன் முடிந்ததும் எங்கள் திரையில் ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் டி.எல்.பி. என்று ஓர் எண் இருக்கும், அந்த ஸ்கேன் முழுவதற்குமான கதிர்வீச்சைக் காட்டுவது. பெரியவர்களின் மார்பு ஸ்கேன் என்றால் அதை 0.014 ஆல் பெருக்கினால் உடல் மேல் பட்ட கதிர்வீச்சு உத்தேசமாக எத்தனை மில்லிசீவர்ட் (அதை அளக்கும் அலகு) என்று தெரிந்துவிடும். 500 என்றால் 7, 50 என்றால் 0.7. இயற்கையாகவே வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் மனிதர் மேல் படுகிறது. இந்த டி.எல்.பி. எண் படங்களோடு கம்ப்யூட்டரில் தங்கிவிடுகிறது. நோயாளி கைக்குப் போகும் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை.

எங்கள் பக்கம் வெயில் ஏறினால் சிறுநீரகக் கல் வலியோடு வருகிறவர்கள் கூடுவார்கள். நிறையப் பேர் இளவட்டம், மறுபடி மறுபடி வருகிறவர்கள். கதிர்வீச்சைப் பாதியாக்கினால் படத்தில் இரைச்சல் ஏறத்தாழ 40 சதவீதம் கூடும், பழைய டிவியில் ஈ மொய்ப்பதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனாலும் கல் வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும், தப்பாது. கல்லீரலில் ஒரு சின்னக் கட்டி அந்தப் புள்ளிகளுக்குள் மறைந்துபோகலாம், அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆனால் பல இடங்களில், கருவியை நிறுவ வந்த இன்ஜினியர் வைத்துவிட்டுப் போன வயிற்று செட்டிங்கிலேயே கல்லுக்கும் எடுக்கிறோம். குறைத்தால் 'படம் ஏன் இப்படி இருக்கு?' என்று போன் வரும். கூட்டி வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எண்தான் வெளியே போவதில்லையே!

இத்தனைக்கும் வழிகள் கையிலேயே இருக்கின்றன. இப்போதைய கருவிகளில் அந்தப் புள்ளிகளைக் கணக்குப் போட்டுக் களையும் மென்பொருள் உண்டு. ஒல்லியானவர்களுக்கு எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100 ஆக இறக்கினாலே கதிர்வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். நோயாளியை வளையத்தின் நடுமையத்தில் படுக்கவைப்பதற்குக் காசே வேண்டாம், அவசரத்தில் அதையும் விட்டுவிடுகிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய மருத்துவமனையில் 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு மூளை ஸ்கேனில் எட்டு மடங்கு கதிர்வீச்சு போய்க்கொண்டிருந்தது, 2009-ல்தான் வெளியே வந்தது. சிலருக்கு முடி கொட்டியிருந்தது. அதன்பின் கலிபோர்னியாவில் சட்டம் இயற்றி, 2012 ஜூலை முதல் ரிப்போர்ட்டில் இந்த அளவைப் பதிய வைத்தார்கள்.

சி.டி. கருவிக்கு உரிமம் தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இங்கேயும் இதைக் கட்டாயமாக்கலாம். சென்டருக்கு ஒரு வரி கூடுதல் டைப்பிங்தான் செலவு. அதுவரை, டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேனைப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். கல்லுக்காக என்றால் மட்டும் 'லோ டோஸ்ல எடுக்கலாமா?' என்று படுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத சி.டி. டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை