பனிக்கூட நிர்வாகத்தினருக்கு: உள்ளே நிற்பவர்களின் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள்

துபாயில் பனிக்கட்டி உணவகங்களையும் உறைபனிக் கூடங்களையும் நடத்துவோருக்கு,

வணக்கம். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கூடத்துக்குள் வேலை செய்பவர் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கலாம், அதன்பின் எவ்வளவு நேரம் வெளியே வந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளலாம் என்பதை எழுதி, டிக்கெட் கவுண்டரில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்.

மே விடுமுறையில் ஊரிலிருந்து வந்த அக்காவையும் பிள்ளைகளையும் உங்களில் ஒருவருடைய உணவகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வெளியே 44 டிகிரி, உள்ளே மைனஸ் 6. நடுவில் இரண்டே கதவுகள். இடைப்பட்ட அறையில் தடித்த கோட்டும் கையுறையும் தந்தார்கள். மேசை, நாற்காலி, சுவர், தொங்கும் சரவிளக்கு எல்லாமே பனிக்கட்டி. வாயைத் திறந்தால் புகை வருகிறது என்பதே பிள்ளைகளுக்குப் போதுமான வேடிக்கை. எனக்கோ அந்தக் கட்டிகளின் தெளிவுதான் வியப்பு. வீட்டுக் குளிர்பெட்டியில் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைவதால் காற்று நடுவில் சிக்கி வெள்ளையாகப் படிந்துவிடும். சிற்பிகள் பயன்படுத்தும் கட்டியை அடியிலிருந்து மேலாக உறையவைக்கிறார்கள்; மேற்பரப்பில் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருப்பதால் காற்று வெளியேறி, கட்டி கண்ணாடியாகிறது. கடல்நீரைக் குடிநீராக்கிக் குடிக்கும் ஊரில் அந்த நீரிலேயே நாற்காலி செய்து உட்காரவைக்கிறீர்கள். வீண் ஆடம்பரம் என்று திட்டுவோர் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. காசு கொடுத்து ரசித்துவிட்டுத்தான் வந்தேன்.

உறுத்தியது வேறு. எங்களுக்குப் பரிமாறியவர் தமிழர், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒவ்வொரு மேசைக்காரரும் கைபேசியை அவரிடம் நீட்டி, ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். தடித்த கையுறையோடு தொடுதிரையை இயக்க முடியாது. எனவே ஒவ்வொரு முறையும் வலது கையுறையைக் கழற்றினார், படம் எடுத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பணம் செலுத்தும் இயந்திரத்துக்கும் அதே கதைதான். விரல் நுனிகள் வெளிறிப்போயிருந்தன. “எவ்வளவு நேரம் தம்பி உள்ளேயே நிற்பீர்கள்?” என்று கேட்டேன். “கூட்டத்தைப் பொறுத்தது அண்ணா” என்றார்.

எங்களிடம் மட்டும், அதிக நேரம் உள்ளே இருக்க வேண்டாம் என்று கவுண்டரிலேயே எச்சரித்திருந்தார்கள்.

குளிரில் உடம்பு முதலில் கைவிடுவது விரல்களைத்தான். நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. மரத்துப்போன விரலால் எதையும் பிடிக்க முடியாது. அடிபட்டாலும் உடனே தெரியாது. இதைவிட மோசம், பின்வாசலுக்குப் போய்ச் சரக்கு இறக்கிவிட்டு வியர்வையோடு உள்ளே திரும்புவது. நனைந்த துணி குளிரைத் தடுக்காது.

இந்த நாட்டுக்கு வெயிலின் கொடுமை தெரியும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில், நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் வீதம், அதிகபட்சம் 50,000 திர்ஹாம் வரை அபராதம். இந்த மதிய ஓய்வு விதி 2005-இல் தொடங்கியது. மால் ஆஃப் தி எமிரேட்ஸ் வணிக வளாகத்தில் ஸ்கீ துபாய் என்ற உள்ளரங்கப் பனிச்சறுக்குக் கூடம் திறக்கப்பட்டதும் அதே 2005-இல்தான். வெயிலில் நிற்பவனுக்குக் கடிகாரம் வந்த வருடமே பாலைவனத்துக்குப் பனியும் வந்திருக்கிறது. ஆனால் அந்த மதியக் கடிகாரம் வெயிலுக்கு மட்டும்தான் ஓடுகிறது; கூரைக்குக் கீழே, மைனஸ் 6-இல் நிற்பவரை அது கணக்கில் எடுப்பதில்லை. ஸ்கீ துபாயில் பெங்குவின்களும் இருக்கின்றன. குளிரைத் தாங்கவென்றே இறகும் கொழுப்பும் வாய்த்த பறவைகள் அவை. எங்கள் தம்பிக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. மார்கழியிலும் ஒரு போர்வை போதும் என்ற ஊர்க்காரர்.

ஆகவே, அட்டை ஒட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். சூடேற வெளியே வரும் நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். உள்ளே நிற்பவருக்கு அவரவர் அளவில் சொந்தக் கோட்டும் காலணியும், மாற்றிக்கொள்ள உலர்ந்த காலுறையும், தொடுதிரையை இயக்கும் மெல்லிய உள்கையுறையும் வாங்கித் தாருங்கள். படம் எடுக்க மேசைக்கு ஒரு தாங்கி வைத்தால் பாதித் தொல்லை தீரும். சரக்கு இறக்க வேறு ஆளை வையுங்கள். செலவாகும் என்பீர்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அறைக்காக இரவும் பகலும் ஓடும் குளிரூட்டும் இயந்திரங்களின் மின்கட்டணத்துக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்? டிக்கெட்டில் கொஞ்சம் கூட்டினாலும் நான் கொடுப்பேன்.

அந்த அட்டையை அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்தி, மலையாளம், தமிழ், தகலோக், நேபாளியிலும் எழுதுங்கள். நேரம் முடிந்தது என்று மேலாளரிடம் அதைக் காட்டிப் பேச வேண்டியவர்கள் அந்த மொழிகளில்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
கராமாவில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர்