நெவேயாவும் நம்புவும்

ராமேசுவரம்,
ஐப்பசி 25.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரமே வந்துவிட்டது. வாடைக்காற்று எழுந்து படகுகள் எல்லாம் கட்டிக் கிடப்பதால், இன்றுதான் தெருவில் சந்தடி இல்லாமல் உட்கார்ந்து எழுத முடிகிறது. அமெரிக்காவில் பேத்தி பிறந்த நல்ல செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அவளுக்கு வைத்த பெயரைப் பற்றி இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். 'நெவேயா' என்பது எந்த மொழி, என்ன பொருள் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் கூசுவதாகவும், தங்கச்சி வாய்க்கு அது வராமல் 'நெய் வையா' என்று கொஞ்சுவதாகவும் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். உன் மகனிடம் கேட்க உனக்குத்தான் வீம்பு. எனவே என் மருமகன் உதவியுடன் நானே தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அது எந்த மொழிச் சொல்லும் அன்று. ஆங்கிலத்தில் சொர்க்கத்தைக் குறிக்கும் 'ஹெவன்' (HEAVEN) என்ற சொல்லின் ஆறு எழுத்துகளையும் கடைசியிலிருந்து எழுதிப் பார், உன் பேத்தியின் பெயர் (NEVAEH) வந்துவிடும். 1999ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதிலும் பிறந்தவர்களில் எட்டுப் பெண் குழந்தைகளுக்குத்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு, பி.ஓ.டி. என்ற கிறிஸ்தவ ராக் இசைக்குழுவின் பாடகர் சோனி சாண்டோவல், எம்டிவி தொலைக்காட்சியில் பிரபலங்களின் வீடுகளைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றில் தோன்றி, தம் மகளை அறிமுகப்படுத்தி, அவள் பெயரையும் அதற்குள் திரும்பி நிற்கும் சொர்க்கத்தையும் சொன்னார். அவ்வளவுதான். 2001இல் அந்நாட்டுப் பெண் குழந்தைப் பெயர்களின் பட்டியலில் அது நேராக 266ஆம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. 2005இல் 4,457 குழந்தைகளோடு 70ஆம் இடம். 2010இல் 25ஆம் இடம். அதன்பிறகு மெல்ல இறங்கியிருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் அவர்களுடைய சமூகப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் வெளியிடுவது. குழந்தைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்டு விண்ணப்பிக்கும்போது எழுதும் பெயரை வைத்து எண்ணுகிறார்கள். பாடகர் அந்தப் பெயரை உண்டாக்கவில்லை என்பதைக் கவனி. எட்டுப் பேர் முன்பே இருந்தார்கள். ஊர் கேட்கும்படி ஒருவர் அதன் பொருளை வாய்விட்டுச் சொன்னபிறகே அது மற்றவர்கள் வைக்கத் துணியும் பெயராயிற்று.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறை உண்டு, ஆனால் அது நீ சொல்லும் குறை அன்று. அது கண்ணுக்கு வைத்த பெயர்; காதுக்கு வைத்ததில்லை. தாளில் எழுதித் திருப்பிப் படிப்பவனுக்குச் சொர்க்கம் தெரியும், வாசலில் நின்று கூப்பிடுபவனுக்குத் தெரியாது. எழுத்து இடம் மாறி எழுதுவோரும் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்களாம். அப்படி எழுதித் திருப்பினால் சொர்க்கமும் பிழையாகத்தான் வரும். நம் சம்பந்தர் சீகாழிக்கு மாலைமாற்றுப் பதிகம் பாடினாரே, அதைக் கடைசியிலிருந்து வாசித்தாலும் அதே ஓசை காதில் விழும். நம் உயிர்மெய் எழுத்துகள் ஓசையை உடைக்காமல் திரும்பக்கூடியவை. 'ஹெவன்' என்று தமிழில் எழுதித் திருப்பிப் பார், 'ன்' என்று மெய்யெழுத்தில் தொடங்கும், வாயிலேயே நுழையாது. ஆகவே உன் பேத்தியின் பெயர் அந்த எழுத்துமுறையில் மட்டுமே பிறந்திருக்க முடியும். பிறந்த மண்ணின் பெயரைத்தானே அவளுக்கு வைத்திருக்கிறார்கள், அதில் உனக்கென்ன வருத்தம்?

'இதெல்லாம் ஒரு பெயரா' என்று என்னிடம் கேட்கிறாயே, அதுதான் வேடிக்கை. ஒரு கட்டளைச் சொல்லையே பெயராகச் சுமந்துகொண்டு அறுபத்தெட்டு வருடம் ஓட்டியவன் நான். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால், மூன்றாவது தங்கினால் உன் பெயரையே இடுகிறேன் என்று தனுஷ்கோடி சாலையில் இருக்கும் நம்புநாயகி அம்மனிடம் என் தாயார் நேர்ந்துகொண்டார். நீயும் நானும் படித்த பள்ளியில் ஒரு வகுப்புக்கு நாலு நம்பு இருந்ததால் எனக்கு அதில் புதுமை தெரியவில்லை. மதுரைக் கல்லூரியில் முதல் நாள் வருகைப் பதிவு எடுத்த பேராசிரியர் பட்டியலில் விரலை வைத்தபடியே நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "யாரை நம்ப வேண்டும், தம்பி?" என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. அன்று முதல் ஆறு மாதம் யார் பெயர் கேட்டாலும் 'நம்பி' என்று சொல்லித் திரிந்தேன். நம்பி என்றால் ஆடவரில் சிறந்தவன் என்று பொருள். எனக்கு அது பொருந்தவில்லை என்பது முதல் பருவத் தேர்விலேயே தெரிந்துவிட்டது.

பிறகு ஆசிரியப் பணிக்கு வந்து, வாக்காளர் பட்டியல் சரிபார்க்க நம் தீவிலேயே வீடு வீடாக அலைந்த ஒரு கோடையில்தான் என் பெயரோடு எனக்கு இணக்கம் ஏற்பட்டது. கடற்கரைத் தெருவில் நின்று 'நம்பு' என்று கூப்பிட்டால் மூன்று வாசலில் தலை தெரிந்தது. நம்புராஜன், நம்புகுமார், நம்புசெல்வம், நம்புமுனியசாமி, பெண்ணானால் நம்பீசுவரி. தகப்பன் பெயரும் நம்பு, மகன் பெயரும் நம்பு என்று வந்தபோது, படகுச் சொந்தக்காரரின் பெயரைப் பென்சிலில் ஓரத்தில் குறித்துத்தான் ஆளைப் பிரித்தேன். இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்துப் போகிற நாட்களில் செய்தித்தாளில் பட்டியல் வருமே, அதில் பெரும்பாலும் ஒரு நம்பு இருப்பான். மற்ற மாவட்டத்துக்காரர்கள் இந்தப் பெயரை முதலில் அறிவது அப்படித்தான் என்பது எனக்கு ஆறாத வருத்தம். நம்புகிறவரைக் கைவிடாதவள் என்பதால் அம்மனுக்கு அந்தப் பெயர் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதோடு இன்னொரு பொருளும் பிடித்திருக்கிறது: தொல்காப்பிய உரியியலில் 'நம்பு' என்ற சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம் என்றுதான் பொருள் சொல்லியிருக்கிறது. அந்தப் பேராசிரியர் தமிழ்த்துறைக்காரராக இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

இன்னும் எத்தனையோ உண்டு. 'சேது' என்றால் அணை, பாலம். பாலம் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா என்று உன் மருமகள் ஊரில் கேட்டால் சிரிப்பார்கள், நாம் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறோம். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் பெயருக்கு முன்னால் 'சீனி' என்று இனிப்பையே வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்க்காரர் அப்துல் கலாமின் பெயரில் இருக்கும் 'கலாம்' அரபியில் பேச்சு, சொல் என்றே பொருள்படும். அதே ஓசை பழந்தமிழில் சண்டையைக் குறிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தால் மேடையில் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருப்பார் என்று பேய்க்கரும்பு மணிமண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சொல்லைப் பெயராக வைப்பதில் எனக்கு மனம் ஒப்பாத இடம் ஒன்றே ஒன்றுதான். பெண்ணாகவே பிறக்கிறது என்று 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் வைத்தார்களே, அந்தப் பிள்ளைகளை வகுப்பில் பெயர் சொல்லி அழைக்க என் நாக்கு ஒவ்வொரு நாளும் தயங்கியது. மகாராட்டிரத்தின் சத்தாரா மாவட்டத்தில் வேண்டாதவள் என்று பொருள்படும் 'நகுசா' என்ற பெயரோடு இருந்த 285 சிறுமிகளுக்கு 2011இல் அரசே விழா எடுத்துப் புதிய பெயர் வைத்தது. சில பிள்ளைகள் தாமே தமக்குப் பெயர் தேர்ந்துகொண்டார்களாம். உன் பேத்தியின் பெயரைத் திருப்பிப் போட்டால் சொர்க்கம் வருகிறது. போதும்பொண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் என்ன வரும்?

என் வீட்டுச் செய்தியையும் கேள். மகன் வேலைக்குப் போன இடத்தில் தன் பெயரிலிருந்த நம்புவை 'என்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கிக்கொண்டான். அவன் பையனுக்கு எண் கணிதம் பார்த்து, 'ஷ்' என்று முடியும் ஒரு பெயர் வைத்திருக்கிறான். எந்த அகராதியிலும் நான் அதைக் கண்டதில்லை. பொருள் என்னவென்று கேட்டேன், கூட்டினால் ஐந்து வருகிறது என்றான். அதனால் நீ புலம்புவதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வைகாசியில் அவர்கள் வரும்போது அம்மன் கோவிலில் மொட்டை போட வேண்டும் என்று தங்கச்சி சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஒருநாள் முன்னதாகவே இங்கே வந்துவிடுங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடலாம். பூசாரிக்குப் பெயர் சொல்லும் வேலையை என்னிடம் விடு. அர்ச்சனைச் சீட்டில் 'நெவேயா' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன், தட்டை வைத்துக்கொண்டு அவர் எத்தனை தடவை தடுமாறினாலும் நீ முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். நட்சத்திரத்தை மட்டும் மகனிடம் கேட்டு எழுது.

உன்,
நம்பு