உன் மாதமும் என் மாதமும்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படியை மட்டும் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். இங்கே ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துக் குழாய்களை வெல்டிங் செய்து பழுது பார்க்கும் வேலை, முடிந்து கொஞ்சம் ஓய்வு. அடுத்த காண்ட்ராக்ட் இன்னும் கைக்கு வரவில்லை.

"உன் ஒரு மாதச் சம்பளம் எனக்கு இரண்டரை மாதச் சம்பளம்டா" என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம். காலமெல்லாம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவன் போடுகிற கணக்கா இது?

உனக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம். எனக்கு நல்ல வருஷத்தில் ஏழு. ஏழு மாதத்தை இரண்டரையால் பெருக்கு, உன் சம்பளத்தில் பதினேழரை மாதம் வரும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்துப் போட்டால் நான் உன்னைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். இன்னும் முடியவில்லை. ஷட்டவுன் என்றால் நாளுக்கு 12 மணி நேரம், வார விடுமுறை கிடையாது. உனக்கு 8 மணி நேரம், மாதத்துக்கு 22 நாள். ஒரு மணி நேரக் கூலியாகப் பார்த்தால் வித்தியாசம் ஒன்றேகால் மடங்குக்குக்கூட எட்டாது. உன் கம்பெனி உன் ஓய்வுக்காலத்துக்குக் கட்டும் பங்கு, மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு லீவு, இது எதுவும் எனக்கில்லை. காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போச்சு. இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை நீயே சொல்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-லேயே சொல்லிவிட்டார். கொத்தனாருக்கு உறைபனிக் காலத்தில் வேலை இருக்காது. வேலை இருக்கும் நாளில் வாங்குகிற கூலி, சும்மா இருக்கும் நாளுக்கும் சோறு போட வேண்டும். அடுத்த வேலை வருமா என்ற கவலைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்கிறார். கூலி ஏன் தொழிலுக்குத் தொழில் மாறுகிறது என்பதற்கு அவர் ஐந்து காரணம் சொன்னார். வேலை இனிதா கடினமா, கற்க எவ்வளவு செலவு, தொடர்ந்து கிடைக்குமா, எவ்வளவு நம்பி ஒப்படைக்கிறார்கள், அந்தத் தொழிலில் தேறுவோமா. இருநூற்றைம்பது வருஷமாகியும் இந்தப் பட்டியலில் பெரிதாகச் சேர்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"ஒட்டுகிற வேலைக்கு இவ்வளவு காசா" என்று நீ கேலியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேர்வில் குழாயை 45 டிகிரி சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, நாம்தான் அதைச் சுற்றிக் குனிந்தும் நிமிர்ந்தும் படுத்தும் வெல்ட் செய்ய வேண்டும். கீழே ஆரம்பித்தால் உருகிய உலோகம் சொட்டப் பார்க்கும், பக்கவாட்டில் வழியப் பார்க்கும். எவர்சில்வர் குழாய் என்றால் உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பியாக வேண்டும். இல்லையென்றால் வெளியே அழகாக இருக்கும், உள்பக்கம் காற்றுப் பட்டுக் கருகி, சர்க்கரையைக் கொட்டியது மாதிரி பொரிந்து நிற்கும். முதல் சுற்றான ரூட் பாஸ்தான் உயிர். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில், இரு பக்க ஓரமும் சமமாக உருகிச் சேருகிறதா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கையிலுள்ள கருவியின் டங்ஸ்டன் முனை ஒரு நொடி உருகிய குளத்தைத் தொட்டுவிட்டால் துணுக்கு உள்ளே தங்கிவிடும். பிறகு இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்போது பிலிமில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், காற்றுக் குமிழி என்றால் கறுப்புப் புள்ளி. அளவு மீறினால் மொத்தத்தையும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி. ஆலை வேலை என்றால், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஒரு சூப்பர்வைசர், ஆலை ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். உண்மையில் எனக்குக் கிடைக்கும் கூலிக்குப் பாதிக் காரணம் அந்த முணுமுணுப்புதான். என் கை அதே கை. ஓடுகிற ஆலையில் அதற்கு அவ்வளவு விலை இல்லை, நின்றுபோன ஆலையில்தான் விலை.

இந்தத் திறமைக்குக் காலாவதியும் உண்டு. நாங்கள் பின்பற்றும் ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி, ஒரு வெல்டிங் முறையை 6 மாதம் தொடாமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி போய்விடும், மறுபடி தேர்வு. உன் பட்டத்தை யாராவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கிறார்களா? குழாயைச் சுற்றித் தானே ஓடும் ஆர்பிட்டல் மெஷின் வேறு வந்துவிட்டது. ஒரே மாதிரி நூறு இணைப்பு என்றால் அதுதான் செய்கிறது. மெஷின் நுழைய இடமில்லாத மூலையும் பழைய குழாயும் எங்களுக்கு மிச்சம்.

"என்னிடம் எந்தத் தனித்திறமையும் இல்லை" என்று எழுதியிருந்தாய் பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1964-ல் திறமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். எங்கே போனாலும் விலை போகும் திறமை ஒன்று, அந்த ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் விலையுள்ள திறமை இன்னொன்று. என்னுடையது முதல் வகை. உன்னுடையது பெரும்பாலும் இரண்டாவது. எந்த வாடிக்கையாளர் ஆண்டுக் கடைசியில் இழுத்தடிப்பார், பழைய சாப்ட்வேரில் எந்தக் கணக்கு எதனால் ஒத்துப்போகாது என்பது அந்தக் கட்டடத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே போனால் இதற்கு யாரும் காசு தரமாட்டார்கள், அதனால் நீ பயப்படுகிறாய். ஆனால் நீ போய்விட்டால் அவர்களுக்கு ஆகும் நஷ்டத்தையும் கொஞ்சம் யோசி. பயம் இரண்டு பக்கமும் இருக்கிறதடா, நீ உன் பக்கத்தை மட்டும் எண்ணுகிறாய்.

செலவு விஷயம். நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். டீச் செலவைக்கூடத் தேதி போட்டு எழுதியிருக்கிறாய், கடைசி வரியில் "தவணைகள்" என்று ஒரே வார்த்தையில் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை முடித்துவிட்டாய்! எந்தத் தவணை, இன்னும் எத்தனை மாதம், வட்டி எவ்வளவு என்று ஒன்றுமில்லை. டீயை விடு, அந்த ஒரு வரியைப் பிரித்து எழுது. வருமானம் கூடக் கூடச் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று ஜெர்மன் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857-ல் காட்டினார். உன் பட்டியலிலும் சாப்பாட்டுப் பங்கு குறைந்துதான் இருக்கிறது. மிஞ்சியதைத் தவணை தின்றுவிட்டது, நீ டீயை முறைக்கிறாய்.

என் கதை வேறு. எனக்குப் பணம் மொத்தமாக வரும், வந்ததும் கை அரிக்கும். அதனால் வருவதெல்லாம் ஒரு கணக்கில் போகும். அதிலிருந்து மாதம் முதல் தேதி இன்னொரு கணக்குக்கு நானே எனக்குச் சம்பளம் போட்டுக்கொள்கிறேன். எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட உன் சம்பளம்தான். வேலை இருக்கும் மாதமும் அதுதான், இல்லாத மாதமும் அதுதான். மனிதன் இந்த மாத வருமானத்தைப் பார்த்துச் செலவழிப்பதில்லை, நீண்ட காலத்தில் என்ன வரும் என்று நினைக்கிறானோ அதைப் பார்த்தே செலவழிக்கிறான் என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1957-ல் எழுதினார். அவருக்கு ஷட்டவுன் முடிந்து வந்த வெல்டர்களைத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் சில பொருளாதார ஆய்வாளர்கள், எல்லாருடைய சம்பளத்தையும் இணையத்தில் பார்க்கலாம் என்று ஒரு பகுதியினருக்கு மட்டும் தெரியப்படுத்தினார்கள். முடிவு 2012-ல் வெளியானது. சம்பளத்தில் சக ஊழியர்களின் நடுமட்டத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு மனக்குறை கூடியது, வேறு வேலை தேடும் எண்ணம் வந்தது. மேலே இருந்தவர்களுக்குச் சந்தோஷம் ஒன்றும் கூடவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. உனக்கு வருத்தம், எனக்கு லாபமில்லை. ஆனாலும் ஒப்பிடாதே என்று சொல்லமாட்டேன். என்னோடு ஒப்பிடாமல், உன் வேலையையே வேறு கம்பெனியில் பார்ப்பவனோடு ஒப்பிட்டுப் பார். உனக்கு அந்த எண்தான் தேவை.

சம்பள உயர்வுப் பேச்சு அடுத்த மாதம் என்றாயே. அதற்கு முன் இரண்டு தாள் எழுதி எனக்கு அனுப்பு. நீ இல்லாவிட்டால் அந்தப் பிரிவில் எது எது நிற்கும் என்பது ஒன்று, அந்தத் தவணை வரியின் விவரம் இன்னொன்று. எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது, சம்பளம்தான் இல்லை.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழன்