மிளகு வழியை யாரும் அடைக்கவில்லை: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

“1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தனர், வணிக வழி அடைபட்டது, ஆகவே ஐரோப்பியர் கடல்வழி தேடினர்.” ஐரோப்பியர் வருகை என்றாலே பிள்ளைகள் ஒப்பிக்கும் வரி இது. அடுத்த பதிப்பில் இதை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மலபார் மிளகு பெரும்பாலும் அந்த நகரம் வழியாகப் போகவே இல்லை. கள்ளிக்கோட்டையில் ஏற்றிய மூட்டை செங்கடல் ஏறி எகிப்துக்குப் போய், அலெக்சாண்டிரியாவில் இத்தாலியின் வெனிஸ் நகர வணிகர் கைக்கு மாறியது. எகிப்தை ஆண்டவர்கள் மம்லூக் சுல்தான்கள். கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த அதே உதுமானியத் துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517-இல், அதாவது வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து 19 ஆண்டுகள் கழித்து. 1453-க்குப் பிறகும் வெனிஸ்காரர்கள் அங்கே மிளகு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். துறைக்குத் துறை சுங்கம், கைக்குக் கை லாபம், கடைசி லாபம் வெனிஸுக்கு. அந்தப் பணத்தைத் தன் கஜானாவுக்குத் திருப்ப நினைத்தார் போர்ச்சுகல் மன்னர். மிளகு எடை குறைவு, விலை அதிகம், ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் பல மாதப் பயணத்தையும் தாங்கும். கெட்ட இறைச்சியின் நாற்றத்தை மறைக்க வாங்கினார்கள் என்ற கதையையும் விட்டுவிடலாம். இறைச்சியைக் காத்தது உப்பு. மிளகு வாங்க வசதி உள்ளவருக்குப் புது இறைச்சி வாங்கவும் வசதி இருந்தது.

அதோடு, போர்ச்சுகல் கடல் தாண்டியது 1453-க்கு 38 ஆண்டுகள் முன்பே. 1415-இல் வட ஆப்பிரிக்கக் கரையில் சியூட்டாவைப் பிடித்தார்கள். சகாராவைக் கடந்து ஒட்டகத்தில் வந்த தங்கத்தின் மேல் அவர்களுக்குக் கண். 1457-இல் ஆப்பிரிக்கத் தங்கத்தில் குருசாடோ நாணயம் அடித்தார்கள். 1482-இல் இன்றைய கானா கரையில் எழுப்பிய கோட்டையின் பெயரே மினா, சுரங்கம். மனிதர்களையும் பிடித்து விற்றார்கள்: 1444-இல் போர்ச்சுகலின் லாகோஸ் துறையில் ஒரே நாளில் இறக்கப்பட்டவர்கள் 235 பேர். பாடத்தில் இதற்கு ஒரு பத்தியாவது வேண்டும்.

1498-இல் ட காமா கள்ளிக்கோட்டை மன்னர் சாமூதிரிக்கென எடுத்துவைத்த பரிசுகளை அப்படியே அச்சிடுங்கள்: கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச்சரம் 4, கை கழுவும் கிண்ணம் 6, சர்க்கரைப் பெட்டி ஒன்று, எண்ணெய் இரண்டு பீப்பாய், தேன் இரண்டு பீப்பாய். பார்த்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள்; மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான், தங்கம் கொடு என்றார்கள். ஐரோப்பாவின் சிக்கல் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கு இங்கே எல்லாம் வேண்டும். அவர்களின் சரக்கு இங்கே பெரிதாக விலைபோகாது. தங்கமும் வெள்ளியும் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. 1545-இல் தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையில் கிடைத்த வெள்ளி அதனால்தான் ஆசியா வரை ஓடி வந்தது.

நம் கரைக்கு டச்சுக்காரர் வந்ததற்கும் இதே கணக்குதான் காரணம். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த, இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கா, பாண்டா தீவுகளில் ஐரோப்பியக் கம்பளித் துணியை யாரும் சீண்டவில்லை. அங்கே கேட்டது சோழமண்டலக் கரையின் சாயத் துணி. 1602-இல் தொடங்கிய டச்சுக் கம்பெனி சில ஆண்டுகளிலேயே மசூலிப்பட்டினத்திலும், 1610-இல் பழவேற்காட்டிலும் காலூன்றியது துணிக் கொள்முதலுக்காக. வெள்ளி கொடுத்துத் துணி, துணி கொடுத்துக் கிராம்பு. பாடநூல் வரைபடத்தில் லிஸ்பன்–கள்ளிக்கோட்டைக் கோடு இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து பாண்டாவுக்கும் ஒரு கோடு போடுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்